முதல் தகவல் அறிக்கை

அருமனை ஸ்டேஷனில் மின்விசிறி
ஏட்டு சிவதாணுவுக்கு மட்டும் சுற்றுகிறது.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
"பவுன் எவ்வளவு போச்சு?" என்கிறார்.
ஒன்றும் போகவில்லை.
"பொம்பளப் பிள்ளை உள்ள வீடு,
ஒரு பவுனும் இல்லியா?"
உண்டு. போகவில்லை.
அவர் எழுதவில்லை.

நான் வெட்டுக்குப் போயிருந்தேன்.
மூன்று மணி இருட்டு, நெற்றியில் விளக்கு,
முந்நூறு ரப்பர் மரம்.
பட்டையை நூல் கனத்துக்குச் சீவ வேண்டும்.
ஒரு நூல் ஆழம் போனாலும்
மரம் வருசக்கணக்கில் மறக்காது.
சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கிய நேரம்
வீட்டில் அவன்
அரிசிப் பானையைக் கவிழ்த்திருக்கிறான்,
தலையணையைக் கிழித்திருக்கிறான்,
வேதப்புத்தகத்தை உலுக்கியிருக்கிறான்.
அதிலிருந்து விழுந்தது
போன வருசத்துக் குருத்தோலை.

கொண்டுபோனது ஒரு சங்கிலி.
திங்கள்சந்தையில் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கிய கவரிங்,
கொக்கிப் பக்கம் கறுத்திருந்தது.
வெளிச்சத்தில் உரசிப் பார்த்தபோது
அவன் முகம் எப்படிப் போயிருக்கும்?
சிரிப்பு வந்துவிட்டது.
ஏட்டு நிமிர்ந்தார்.
அவர் பார்வை என் காதில் நின்றது.
கம்மல் கிடக்க வேண்டிய துளையில்
ஈர்க்கு.

அரைப் பவுன் கம்மல் அது.
என் காதில் கிடந்ததைவிட
மேல்புறம் அடகுக்கடையில் கிடந்த நாள்தான் கூடுதல்.
மழைக்கு வெட்டு நின்றால் உள்ளே,
ஷீட் விலை ஏறினால் வெளியே,
நாகர்கோவிலில் நர்சிங் படிக்கும் அபிஷாவின் பீஸுக்கு
மறுபடி உள்ளே.
எட்டாவது தடவை மீட்டபோது
கடைப் படியிலேயே நின்று யோசித்தேன்.
எப்படியும் அடுத்தவன் பெட்டியில்தான் தூங்கப்போகிறது.
வட்டி கேட்காத பெட்டி எங்கே இருக்கிறது?

மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தடியில்,
டீமேட் கணக்குத் திறந்துதந்த ஷெர்லின் சொன்னாள்:
"கோல்டு இ.டி.எஃப். அக்கா,
ஒரு யூனிட் கிராமில் நூறில் ஒரு பங்கு."
நூறில் ஒன்றா!
குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்பார்களே,
அந்தக் குண்டுமணிக்கே
பன்னிரண்டு யூனிட் சேர வேண்டும்.
செய்கூலி?
இல்லையாம்.
சேதாரம்?
ஷெர்லின் கொஞ்சம் தயங்கினாள்.
"உண்டு. நாளுக்கு நாள்,
கண்ணுக்குத் தெரியாத அளவு."
அந்தத் தயக்கத்தை நம்பித்தான்
கம்மலை விற்றுக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு பால் விற்ற காசில்
மாதம் பத்து, சில மாதம் நாலு,
ஆனி ஆடியில் ஒன்றுமில்லை.
விலை சரிந்த நாளில்
மரம் விட்டு மரம் போகையில்
யாரோ எனக்குள் கத்தியை ஒரு நூல் ஆழமாக வைத்ததுபோல் இருக்கும்.
ஷீட் விலை பார்த்து வளர்ந்தவள்,
அடுத்த மரத்துக்குள் சரியாகிவிடும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து
ராஜகலா கேட்டாள்,
"எளா, மகளுக்கு எவ்வளவு போடுவே?"
போனைத் திறந்து காட்டினேன்.
எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதைக் கழுத்துல எப்பிடிப் போடுது?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

"பின்ன பவுனை எங்க வச்சிருக்க?" என்கிறார் ஏட்டு.
என் இடுப்பில் என்று சொல்லலாம்.
அவன் தேடிய நேரமெல்லாம்
ஒட்டுப்பால் நாறும் பைக்குள் போன்
முந்நூறு மரத்தையும் என்னோடு சுற்றி வந்தது.
ஆனால் போனிலும் இல்லை அது.
நான் போகாத ஏதோ ஊரில், ஏதோ அறையில்,
கட்டியாக.
நான் பார்த்ததே இல்லை.

சொன்னேன்.
கொட்டாவியை அடக்கிக்கொண்டு எழுதினார்:
கவரிங் சங்கிலி, ஒன்று.
பிரேமலெதா என்று நான் எழுதி முடிக்கும்வரை
பொறுத்திருந்தார்.
பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி,
"அந்த யூனிட்டு... இன்னைக்கு என்ன விலை?"

இன்னும் திறக்கல்ல சார்.
ஒன்பதே கால் ஆகணும்.

வாளியில் பால் தன்பாட்டுக்கு உறைந்துகொண்டிருக்கும்.
நாங்கள் இரண்டு பேரும்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
ஒன்பது பத்து.